மூன்று நிமிடம், அரசியல் வேண்டாம்

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட நற்சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. ஜனநாயகத்தைப் பற்றிய இளையோர் குறும்படப் போட்டியில் எனக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு. கூடவே 300 ரிங்கிட். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதைக் காட்டுகிறார். கழற்றி வைத்துவிடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "ஏன்டா?" என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

போட்டியை நடத்திய அமைப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அவர்கள் மீதான புகாராகச் சுருங்கிவிடும். இதே போட்டி வெவ்வேறு பெயரில், வெவ்வேறு லோகோவோடு நம் புலனக் குழுக்களில் வந்து விழுந்துகொண்டேதான் இருக்கிறது. வயது 18 முதல் 30. நீளம் மூன்று நிமிடம். தலைப்பு ஒரு வருடம் ஜனநாயகம், இன்னொரு வருடம் ஒற்றுமை, இன்னொரு வருடம் நாட்டுப்பற்று. படங்கள் மட்டும் மாறுவதில்லை.

"ஆறுதல் பரிசு வாங்கினவன் வயித்தெரிச்சல்ல எழுதுறான்" என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். முதல் பரிசு கிடைத்திருந்தால் இதை எழுதியிருப்பேனா என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடாது.

விதிமுறைகள் இரண்டு பக்கம். படத்தை எப்படி எடுக்கலாம் என்பதற்கு ஐந்து வரி. எதை எடுக்கக்கூடாது என்பதற்கு மீதி எல்லாம். கட்சியின் பெயர், கொடி, சின்னம் கூடாது. பதவியில் இருக்கும் யாரையும் அடையாளம் காட்டக்கூடாது. இனம், மதம், அரச அமைப்பு என்று நாம் எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அந்த '3ஆர்' பக்கமே போகக்கூடாது. கடைசி விதி: படம் நேர்மறையான செய்தியோடு முடிய வேண்டும்.

நம் நாட்டு ஜனநாயகத்திலிருந்து கட்சி, தலைவர், இனம், மதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? பரிசளிப்பு நாளில் அது தெரிந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்த 18 படங்களையும் வரிசையாகப் போட்டார்கள். எனக்குத் தொழிற்சாலைப் பழக்கம், எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். மை தடவிய விரலை நெருக்கத்தில் காட்டிய படங்கள் 11. மூன்று இனப் பிள்ளைகள் கைகோர்த்துக்கொண்டு புல்வெளியில் ஓடிய படங்கள் 9. தடியூன்றி வாக்களிக்கப் போன தாத்தாக்கள் 6 பேர், அதில் 4 பேர் மழையில் நனைந்தார்கள். பின்னணியில் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே பியானோ.

அந்த மையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுப் பொதுத்தேர்தலில் அது முதன்முதலாக வந்தது 2013இல். அழியாத மை என்றார்கள். கழுவினால் போய்விடுகிறது என்று அன்றைக்கே புகார்கள் கிளம்பின. நான் அப்போது படிவம் நான்கு. வாக்களித்துவிட்டு வந்த அப்பா சமையலறைத் தொட்டியில் நின்று, பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்த முகத்தில் ஒரு முழுப் படம் இருந்தது. 11 படங்களில் ஒன்றிலாவது அந்தத் தொட்டி வந்திருக்கக்கூடாதா?

எடுத்த தம்பி தங்கைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் திறமை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 20 வயதில் ட்ரோன் விட்டு அப்படியொரு காட்சி எடுக்க எனக்குத் தெரியாது. இந்த விதிகளுக்குள் வேறு எதை எடுக்க முடியும் என்பதுதான் கேள்வி. நாம் எல்லாரும் பார்த்து ரசித்த 'மண்டேலா'வை யோசியுங்கள். ஒற்றை வாக்கு கையில் இருக்கிற ஒரு முடிதிருத்துநரைச் சுற்றி ஊரே ஆடுகிற கதை. சாதியை எடுத்துவிட்டால் அந்தப் படம் இல்லை. இலவசத்தையும் மிரட்டலையும் எடுத்துவிட்டாலும் இல்லை. 2007இல் வந்த 'ப்ளீஸ் வோட் ஃபார் மீ' என்ற சீன ஆவணப்படமும் அப்படித்தான். வூஹான் நகரத்து ஆரம்பப்பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்பாளர் மூன்று பேர். ஒருத்தனுடைய பெற்றோர் வகுப்பையே நகர ரயிலில் சவாரிக்குக் கூட்டிப் போகிறார்கள். அவனே ஜெயிக்கிறான். சின்னப் பிள்ளைகள் மிரட்டுவதையும் அழுவதையும் பேரம் பேசுவதையும் பார்த்துவிட்டு நான் இரவு வெகுநேரம் தூங்கவில்லை. இந்த இரண்டு படங்களையும் நம் போட்டிக்கு அனுப்பியிருந்தால் முதல் சல்லடையிலேயே தள்ளியிருப்பார்கள். நேர்மறையான செய்தி இல்லை, லா.

இப்போது என் படம்.

நாங்கள் இருப்பது 16 மாடி மலிவுவிலை அடுக்குமாடி. இரண்டு லிஃப்டில் ஒன்று எப்போதும் பழுது, மற்றது எப்போது பழுதாகும் என்று தெரியாது. அடுக்குமாடியை நிர்வகிப்பது வீட்டு உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்கும் குழு. வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். நான் பார்த்த ஜனநாயகத்திலேயே மிக நெருக்கமானது அதுதான். நாடாளுமன்றம் புத்ராஜெயாவில் இருக்கிறதா கோலாலம்பூரில் இருக்கிறதா என்று தெரியாதவர்கூட, லிஃப்டுக்கு யார் பொறுப்பு என்பதைத் தெரிந்து வைத்திருப்பார். அந்தக் கூட்டத்தைப் போய் எடுத்தேன்.

முதல் காட்சி, காத்திருப்பு. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும். வராவிட்டால் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வந்தவர்களை வைத்தே நடத்தலாம். காலி பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே சுற்றும் காற்றாடி, அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர். அரை மணி முடிந்ததும் 27 பேர் சேர்ந்து 320 வீடுகளின் விஷயத்தைப் பேச ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது காட்சி, பன்னிரண்டாவது மாடி ஆண்டி. அலுவலகம் கூட்டித் துடைக்கிற வேலை. கணவர் இல்லை. மூட்டுவலி. கூட்டத்தில் பணத்தைக் கட்டி முடித்தவர்களுக்கு மட்டும் பச்சை அட்டை கொடுத்திருந்தார்கள், வாக்கெடுப்பில் தூக்கிக் காட்ட. ஆண்டிக்கு ஏழு மாத பராமரிப்புக் கட்டணம் பாக்கி, அதனால் அட்டை கிடையாது. இது குழுவின் அடாவடி இல்லை, பாக்கி வைத்திருப்பவர் வாக்களிக்க முடியாது என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்கு நியாயமும் உண்டு. காசு கட்டாதவர், கட்டினவருடைய காசை எப்படிச் செலவு செய்வது என்று முடிவு செய்யலாமா? தலைவரும் வில்லன் இல்லை. ஓய்வுபெற்ற பாதுகாவலர், சம்பளமில்லாமல் ஊர்த் திட்டு முழுக்க வாங்கிக்கொள்கிற மனிதர்.

லிஃப்டைப் பற்றிய தீர்மானம் வந்தது. ஆண்டி எழுந்து சொன்னதை அப்படியே பதிவு செய்திருந்தேன். "லிஃப்டு ஓடலன்னுதான் நான் காசு கட்டல. காசு கட்டலன்னு கை தூக்கக்கூடாதுங்கறீங்க. அப்ப நான் எப்பதான் பேசுறது?" யாரும் பதில் சொல்லவில்லை. வாக்கெடுப்பு தொடங்கியது. பச்சை அட்டைகள் மேலே போயின. அவற்றுக்கு நடுவே ஆண்டி வெறும் கையைத் தூக்கினார். செயலாளர் எண்ணும்போது அந்தக் கையைத் தாண்டிப் போய்விட்டார். என் படத்தின் கடைசிக் காட்சி அந்தக் கைதான்.

போட்டிக்கு முன்னால் ஒரு பட்டறை வைத்தார்கள். வழிகாட்டியாக வந்தவர் நல்ல மனிதர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். படத்தைப் பார்த்துவிட்டு அமைதியாக இருந்தார். அப்புறம் சொன்னார்: "ப்ரோ, படம் நல்லா இருக்கு. ஆனா ஆண்டி நம்ம ஆளு, தலைவர் மலாய்க்காரர். இதை 3ஆர்னு சொல்லிருவாங்க. பரிசு கொடுக்க நகராண்மைக் கழகத் தலைவர் வேற வராரு. அந்தக் கையை எடுத்துருங்களேன். வேற ஏதாச்சும் ஹோப் காட்டுங்க."

எங்கள் அடுக்குமாடியில் பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். ஆண்டியின் கேள்வியில் இனமே இல்லை. அதில் இனத்தைக் கொண்டுவந்து வைத்தது, இனத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்ற விதிதான். இதை அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அந்தக் கையை வெட்டினேன். அதற்குப் பதிலாகக் கீழே சைக்கிள் ஓட்டும் மூன்று பிள்ளைகளை மெதுவாக ஓடவிட்டேன். கைகோர்க்க வைக்கவில்லை, அந்த அளவுக்கு மானம் மிச்சமிருந்தது. பியானோ போட்டேன்.

அடுத்தது லைக். மதிப்பெண்ணில் 40 விழுக்காடு முகநூலில் விழும் விருப்பக்குறிகளுக்கு. 'மக்கள் தீர்ப்பு' என்று அதற்குப் பெயர். சுங்கை பட்டாணி சித்தி எங்கள் குடும்பப் புலனக் குழுவில் குரல் பதிவு போட்டார்: "பார்க்க நேரமில்லாட்டியும் பரவால்ல, லைக்க மட்டும் போட்டுருங்க." எனக்கு அப்போது சிரிப்பு வந்தது, இப்போது வரவில்லை. வேட்பாளரைத் தெரிய வேண்டாம், கொள்கை வேண்டாம், நம்ம ஆளா என்று பார்த்துக் குத்திவிட்டுப் போ. எதைக் கண்டித்துப் படம் எடுக்கச் சொன்னார்களோ, அதையே செய்யச் சொல்லி எங்களை அனுப்பினார்கள். நானும் தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரனிடம் லைக் கேட்டேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. போட்டான்.

பரிசளிப்பு நாளில் நகராண்மைக் கழகத் தலைவர் மேடையில் பேசினார். "உங்கள் குரல்தான் ஜனநாயகம்" என்றார். எல்லாரும் கைதட்டினோம். எனக்குப் பக்கத்தில் இருந்த தங்கையிடம் கேட்டேன்: "இவர யாரு தேர்ந்தெடுத்தா?" அவள் யோசித்துவிட்டு, "தெரியல அண்ணா, நாமதானே?" என்றாள்.

நாம் இல்லை. நம் நாட்டில் நகராண்மைக் கழகத் தலைவரையும் உறுப்பினர்களையும் மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நியமிக்கிறார்கள். முன்பு அப்படி இல்லை. மலாயாவில் மக்கள் வாக்களித்த முதல் தேர்தல்களில் ஒன்றே ஒரு நகராட்சித் தேர்தல்தான், 1951 டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் நடந்தது. நாட்டின் பொதுத்தேர்தலுக்கு நாம் 1955 வரை காத்திருந்தோம். 1957இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக இருந்தவர் டி.எஸ். இராமநாதன். தொழிற்கட்சிக்காரர். பினாங்கில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது.

1965இல் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தி வைப்பது என்றுதான் சொன்னார்கள். உள்ளாட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்றும் அமைந்தது. அதற்குத் தலைவர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் கேட்கவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் கதவை மொத்தமாக மூடியது. பின்னாளில் பினாங்கு மாநிலம் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது.

ஒரு தமிழர் மேயராக இருந்ததும், இன்னொரு தமிழர் தலைமையில் வந்த அறிக்கை தூசி படிந்ததும் நம் வரலாறு. என் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஜனநாயகத்தைப் பற்றி இரண்டு நாள் பட்டறை நடத்தியவர்களும் சொல்லவில்லை. குப்பை வண்டி வராததற்கும் சாக்கடை அடைத்துக்கொண்டதற்கும் யாரைக் கேட்பது என்பதில்தான் ஒரு 18 வயதுப் பிள்ளைக்கு ஜனநாயகம் புரிய ஆரம்பிக்கும். அந்த இடத்தில் நமக்கு வாக்கே இல்லை. அந்த இல்லாமை மேடையில் நின்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தது. நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் இன்றைக்கு ஏன் முக்கியம்? 2019 ஜூலையில் வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைக்கும் திருத்தம் மக்களவையில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் பதிவும் தானாகவே நடக்கத் தொடங்கியது. 2018இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. இடையில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். 2018இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த அரசாங்கம், 2020 பிப்ரவரியில் ஒரு வாக்குச்சீட்டுகூட விழாமல் போய்விட்டது. 2018இல் எனக்கு வாக்கில்லை, 2022இல்தான் முதல் முறை. அதாவது என் தலைமுறை வாக்குரிமையையும் வாக்கின் மீதான சந்தேகத்தையும் ஒன்றாகப் பெற்றுக்கொண்டது. இந்தச் சந்தேகத்தோடு வருகிறவர்களின் கையில் கேமராவைக் கொடுத்து, சந்தேகத்தை மட்டும் எடுக்காதே என்கிறோம். ஜனநாயகம் என்பது விரலில் பூசிக்கொள்ளும் ஓர் உணர்ச்சி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மழையில் நனைவது என்று பழக்குகிறோம்.

ஏற்பாட்டாளர்கள் பக்கம் நின்றும் பார்க்கிறேன். அவர்களுடைய பயம் கற்பனை இல்லை. 2013 ஜூலையில், ஈழப்போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படம் கோலாலம்பூரில் திரையிடப்பட்டது. தணிக்கை வாரியத்தின் அனுமதி இல்லாத படம் என்று 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் செயற்பாட்டாளர் லேனா ஹென்றி மீது வழக்குப் போட்டார்கள். நான்கு வருடம் நீதிமன்றத்துக்கு அலைந்து, 2017இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 10,000 ரிங்கிட் அபராதம். ஒரு படத்தைப் போட்டுக் காட்டியதற்கு. இந்த நாட்டில் மண்டபம் எடுத்து, மானியம் வாங்கி, பிள்ளைகளைக் கூட்டிப் போட்டி நடத்துகிறவர் இரண்டு முறை யோசிக்கத்தான் செய்வார்.

ஆனால் அந்தத் திரையிடலுக்குப் பின்னால் இருந்த கோமாஸ் அமைப்புதான் 2003இல் 'ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட்' விழாவைத் தொடங்கியது. வழக்கு வந்த பிறகும் அந்த விழா நிற்கவில்லை. முடியவே முடியாது என்பவர்களுக்கு அந்த ஒரு விழா போதும். பயம் இருக்கிறது என்றால், பயம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்கு 'நேர்மறை' என்று பெயர் வைக்காதீர்கள். தைரியம் இல்லையென்றால் மரம் நடுவதைப் பற்றிப் போட்டி வையுங்கள், நான் கைதட்டுகிறேன். ஜனநாயகம் என்ற சொல்லை எடுத்தால், லைக்குக்கு மதிப்பெண் தராதீர்கள். நடுவர்கள் எந்தப் படத்தை ஏன் தள்ளினார்கள் என்பதை வெளியிடுங்கள். நடுவர் மேசையில், பங்கேற்பவர்களே தேர்ந்தெடுத்த ஒருவருக்கு நாற்காலி போடுங்கள். அதுவே பெரிய பாடமாக இருக்கும்.

எல்லாவற்றையும் அவர்கள் தலையில் போட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. நம் சங்கங்களில், கோயில் குழுக்களில் 20 வருடமாக ஒரே தலைவர், வருடா வருடம் 'போட்டியின்றித் தேர்வு'. நாமும் கைதட்டிவிட்டு நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வருகிறோம். எழுதுகிற நாமும், இரவு மாமாக் கடையில் பேசுவது ஒன்று, போட்டிக்கு அனுப்பும் கதை இன்னொன்று என்றுதான் இருக்கிறோம். அந்தக் கையை வெட்டச் சொன்னவர் வழிகாட்டி. வெட்டியது நான். எவனும் என் கையைப் பிடித்து மவுஸை நகர்த்தவில்லை.

பரிசு வாங்கிய வாரம் ஆண்டியை லிஃப்டுக்குக் கீழே பார்த்தேன். படத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய மகள் முகநூலில் காட்டியிருக்கிறாள். லைக்கும் போட்டார்களாம். "நல்லா இருந்துச்சுப்பா. புள்ளைங்க சைக்கிள் ஓட்டுறது அழகா இருந்துச்சு." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நான் பேசினேனே, அது வரலியா?"

"டைம் பத்தல ஆண்டி, மூணு நிமிஷம்தான்" என்றேன். கூட்டத்தில் செயலாளர் அவர் கையைத் தாண்டிப் போனபோது எனக்கு வந்த கோபம் ஞாபகத்துக்கு வந்தது. லிஃப்ட் வந்தது. இருவரும் ஒன்றும் பேசாமல் ஏறிப் போனோம்.

முழுப் படம் என் கணினியில் இருக்கிறது, ஆறு நிமிடம். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னால் எங்கள் அடுக்குமாடிப் புலனக் குழுவில் போடப்போகிறேன். முதலில் தலைவரிடம் காட்டுவேன், அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், அதையும் சேர்ப்பேன். ஆண்டி மாதம் 20 ரிங்கிட் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வருகிறார். பாக்கி தீர இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று கணக்குச் சொன்னார். கூட்டம் நான்கு மாதம் கழித்து.

சான்றிதழை இன்னும் கழற்றவில்லை. அம்மா விடமாட்டார்.